தாங்கிக் கைகள்

காலையில் காபி குடித்து முடித்ததும் கட்டிலில் மல்லாந்து படுத்து, பிடரியில் இருக்கும் செருகுவாயில் கம்பியைப் பொருத்திக்கொண்டு, ஆண் ஓணானாக மாறுவது நாச்சிமுத்துவின் உத்தியோகம்.

கோபுரம் கோபுரமாக எழும்பி நின்ற மாடநகரில் இதை யாரும் விசித்திரமாக எடுத்துக்கொள்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கடலடியில் குழாய் துடைக்கும் நண்டாக இருந்தார். எதிர்வீட்டு அம்மாள் அரைநாள் மேகம் அளக்கும் பலூனாக மிதந்துவிட்டு, மத்தியானம் எழுந்து பருப்பை வேகவைப்பாள். உரிமம் வாங்கிய சில தரைப்பணியாளர்களைத் தவிர யாரும் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. போவதற்கு வெளியே என்று ஒன்று இருப்பதாகவே அவர்கள் நினைப்பதில்லை. அரிசி, காய்கறி, மருந்து, கல்யாணப் பத்திரிகை எல்லாம் சுவரில் இருந்த ஒரு துவாரம் வழியாக உள்ளே வரும். ஜன்னல் உண்டு. திறக்காது. தாத்தாக்கள் காலத்தில் தரையிலிருந்து கிளம்பிய புழுதிக் காய்ச்சலுக்குப் பயந்து ஜன்னல்களுக்கு அடைப்பு வைத்தார்கள். காய்ச்சல் எப்போதோ போய்விட்டது. அடைப்பை எடுக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

நாச்சிமுத்து மாறுகிற ஓணான் ஒரு பொம்மையுடல். நகருக்கு மேற்கே ஆனைமலைச் சரிவில் மிச்சமிருந்த கடைசிச் சோலையில், ஒரு மரத்தில் அது ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு சாண் நீளம், மரப்பட்டையின் நிறம். விலா எலும்புகளை விரித்தால் குடைக்கம்பிகளில் துணி விரிவது மாதிரி இரண்டு பக்கமும் தோல் விரியும். தாடைக்குக் கீழே மஞ்சளாக ஒரு தொங்கல். அதை நீட்டி நீட்டி மடக்குவதுதான் அவன் வேலையில் பாதி. இத்தனை வருஷப் பழக்கத்தில், திரையில் நடக்கும் கல்யாணங்களில் புது மனிதர்களைப் பார்த்தால்கூட அவன் முகவாயைத் தூக்கித் தொண்டையை நீட்டுவான். கலாமணி தொடையில் கிள்ளுவாள். அவன் மனைவி அவள்.

பறக்கும் ஓணான் என்று பெயரே தவிர, அது பறப்பதில்லை. ஒரு மரத்தின் உச்சியிலிருந்து குதித்து, விலாவை விரித்துச் சறுக்கி, அடுத்த மரத்தின் இடுப்பில் போய் ஒட்டும். அங்கிருந்து எறும்புகளை நக்கித் தின்றுகொண்டே மேலே ஏறும். உச்சிக்குப் போனால் மறுபடியும் குதிக்கும். ஆண் ஓணான் மண்ணுக்குள் பொரிந்து, மண்ணை விலக்கி, முதல் மரத்தில் கால் வைத்தால் அவ்வளவுதான், சாகிறவரை தரையை மிதிக்காது. பெண்ணுக்கு மட்டும் ஒரே ஒரு காரியத்துக்காகத் தரைக்கு வர வேண்டியிருக்கிறது. முட்டையிடுவதற்கு. இறங்கி, மூக்கால் மண்ணைக் குடைந்து, முட்டைகளை இட்டு மூடி, மூக்காலேயே அமுக்கிவிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு ஏறிவிடும். அப்புறம் திரும்பிப் பார்க்காது. அதன் வளர்ப்பு முறை அவ்வளவுதான். ஆனாலும் மனிதன் தோன்றுவதற்கு முன்பிருந்தே அந்த முறை அதற்குப் போதுமானதாக இருந்தது.

அந்த இனத்தில் கடைசியாக மிஞ்சிய பெண்ணுக்குப் பார்வையாளர்கள் ஓட்டுப் போட்டு மின்னு என்று பெயர் வைத்திருந்தார்கள். பொம்மை ஆணின் மஞ்சளைக் காட்டி அவளைக் காமிராக்கள் உள்ள வட்டத்துக்குள்ளேயே தங்க வைப்பதுதான் நாச்சிமுத்துவின் வேலை. எங்கிருந்தோ ஒரு நிஜ ஆண் வந்து அவளோடு கூடியது. அடுத்த நாளே அதைக் கழுகு கொண்டுபோனது. பார்வையாளர்கள் அழுது தீர்த்தார்கள். கழுகுக்கு இறக்கை முறிக்கப்பட்டது. மின்னுவின் வயிறு மெல்லப் பருத்தது.

இங்கே பரிவுப் பொத்தானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதைக் கண்டுபிடித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. முன்காலத்தில் அதிகாரிகளின் அலட்சியத்தால் உயிரினங்கள் ஒவ்வொன்றாகப் போனபோது, இனி எந்த உயிரையும் அதிகாரிகளை நம்பி விடுவதில்லை, மக்களே பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். சோலை முழுக்கக் காமிரா. வீட்டுக்கு வீடு திரை. திரைக்குக் கீழே ஒரு பொத்தான். விலங்குக்கு ஆபத்து என்று தோன்றினால் யாரும் அமுக்கலாம். பார்ப்பவர்களில் பாதிப்பேர் அமுக்கிவிட்டால், மரங்களுக்கு நடுவே மறைந்திருக்கும் தாங்கிக் கைகள் நீண்டு வந்து விலங்கைத் தூக்கிக் காப்பாற்றும். பஞ்சைவிட மிருதுவான கைகள். மின்னுவை எட்டுக் கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் முதல்முறை இறங்க ஆரம்பித்தபோது, நாச்சிமுத்து பக்கத்து மரத்தில் மஞ்சளை நீட்டிக்கொண்டிருந்தான். அவள் தலைகீழாக, நிதானமாக, ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள். தரைக்கு ஒரு முழம் இருக்கையில் இரண்டு வெள்ளைக் கைகள் வந்து அவளை அள்ளி உச்சிக்கிளையில் விட்டன. அங்கே பரிவுத்துறை ஒரு தொட்டி வைத்து, பஞ்சு பரப்பியிருந்தது.

கம்பியைக் கழற்றிவிட்டு அவன் எழுந்தபோது கலாமணியின் கண்கள் கலங்கியிருந்தன.

"மாமா, மின்னு இன்னைக்கு விழப் பாத்தாளுங்க. நல்லவேளை, கைக வந்து தாங்கிருச்சு."

"விழல கலா. எறங்குனா."

"எறங்குனாளா? தலைகீழா வந்தாளுங்க. கண்ணு சிமிட்டாமப் பாத்துட்டுத்தான இருந்தேன்."

"ஓணான் தலைகீழாத்தான் எறங்கும். பின்ன, கைப்புடியப் புடிச்சுட்டா எறங்கும்? அவ வயித்துல முட்டை இருக்குது. மண்ணுலதான் போடோணும்."

"அதுக்குத்தான் மேலயே தொட்டி வெச்சிருக்காங்களே. பஞ்செல்லாம் போட்டு."

"அவளுக்குப் பஞ்சு எதுக்கு? மண்ணு வேணும்."

"மண்ணா!" என்று கலாமணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அம்மாவின் கூடப்பிறந்தவர்கள் அத்தனை பேரும் புழுதிக் காய்ச்சலில் போனவர்கள். அந்த வீட்டில் மண் என்பது குழந்தைகள் முன்னால் சொல்லக்கூடாத வார்த்தை. தரையில் இறங்கி வேலை செய்ய உரிமம் வாங்கிய ஒருவனை அவள் கட்டிக்கொண்டதே பெரிய காதல்தான்.

"நீயும் அமுக்குனயா?" என்று கேட்டான்.

"அமுக்காம? பாத்துட்டுக் கம்முனு இருக்கச் சொல்றீங்களா?"

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னான். முட்டைகளைச் சுமந்துகொண்டு அவள் ரொம்ப நாள் தாங்க முடியாது. இடம் கிடைக்காவிட்டால் முட்டைகள் உள்ளேயே கட்டிக்கொள்ளும். முட்டையும் போகும், அவளும் போவாள், அதோடு அந்த இனமே போகும். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு நாள், யாரும் தூக்காத ஒரு நாள். கலாமணி புரிந்துகொண்டாள். கெட்டிக்காரி அவள். நாளைக்கு அமுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தாள்.

மறுநாள் மின்னு இறங்கினாள். கைகள் தூக்கின. கலாமணி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "நீங்க சொன்னதெல்லாம் தெரியுதுங்க மாமா. ஆனா அவ அந்த எடத்துக்கு வந்ததும் கை அது பாட்டுக்குப் போயிருது. எட்டுக் கோடிப் பேர்ல நான் ஒருத்தி அமுக்காட்டி என்னாயிரப் போகுதுங்க?"

அவனுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இதே வார்த்தையை எட்டுக் கோடிப் பேரும் அவரவர் வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது.

பரிவுத்துறையின் மேற்பார்வையாளர் தயாளனைத் திரையில் அழைத்தான். தயாளன் யாரையும் மறுத்துப் பேசாத மனிதர். அதனாலேயே அந்த நாற்காலியில் இருந்தார்.

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி, நாச்சிமுத்து. உயிரியல்காரங்களும் அப்படித்தான் சொல்றாங்க."

"அப்ப ஒரு நாளைக்குக் கைகள நிறுத்துங்க சார்."

"சட்டத்துல இடமில்லையே."

"நேரலையையாவது நிறுத்துங்க."

"போன வருஷம் குரங்குக்கு நிறுத்திப் பாத்தோம். செத்துப்போச்சுன்னு வதந்தி கிளம்பி, நகரமே பட்டினி கிடந்துச்சு. ஜனங்களப் பாத்து 'அன்ப நிறுத்துங்க'ன்னு எப்படிச் சொல்றது? அதச் சொல்ற துறைக்குப் பரிவுத்துறைன்னு பேர் வைக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு விளக்கப் படம் போடுவோம்" என்றார்.

போட்டார்கள். பெண் ஓணான் ஏன் இறங்குகிறது என்று குழந்தைக்கும் புரிகிற மாதிரி அழகான படம். கோடிக்கணக்கானவர்கள் அதைப் பார்த்து உருகி, பூச்சின்னம் போட்டு, உறவினருக்கெல்லாம் அனுப்பிவைத்தார்கள். அன்று மத்தியானம் மின்னு இறங்கியபோது வழக்கத்தைவிட வேகமாக அமுக்கினார்கள்.

அதற்குள் அவள் தளர்ந்திருந்தாள். எறும்பு வரிசை மூக்குக்கு முன்னால் போனாலும் நாக்கு நீளவில்லை. கண் பாதி மூடியிருந்தது. பக்கத்து மரத்தில் பொம்மையாக ஒட்டிக்கொண்டிருந்த நாச்சிமுத்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்கு ஒன்று தெரிந்தது. நாளைக்கும் தூக்கினால் நாளன்றைக்கு அவள் இருக்க மாட்டாள்.

வழி அவன் கழுத்துக்குக் கீழேயே இருந்தது. பார்வையாளர்களின் கண்கள் எங்கே குவிகின்றனவோ அங்கேதான் காமிராக்கள் திரும்பும். கண்கள் எங்கே குவியும் என்பதோ எல்லாருக்கும் தெரிந்ததே. பளபளப்பது எதுவோ, பதறவைப்பது எதுவோ அங்கே.

மறுநாள் காலை வெயில் இலைகளுக்குள் இறங்கியதும் அவன் மஞ்சளை முழுதாக விரித்தான். கிளைக்குக் கிளை தாவினான். வெயில் தோலில் ஊடுருவித் தெரிகிற கோணம் பார்த்துச் சறுக்கினான். பார்வையாளர்கள் இந்தப் பொம்மையை மாப்பிள்ளை என்று அழைப்பார்கள். அது பொம்மை என்பது முதல் நாளிலிருந்தே திரையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சிறிய எழுத்தை யார் படிக்கிறார்கள்? காமிராக்கள் ஒவ்வொன்றாக மாப்பிள்ளையின் பக்கம் திரும்பின.

மின்னு தன் மரத்தின் மறுபக்கத்தில் இறங்க ஆரம்பித்தாள். நாச்சிமுத்து விலாவை ஒடுக்கிக்கொண்டு விழுந்தான்.

விழுவது ஓணானுக்குத் தெரியாத வித்தை. அதன் உடம்பே விழாமல் இருப்பதற்காக உண்டானது. நனைந்த துணி மாதிரி அவன் தரையை நோக்கிப் போனான். எட்டுக் கோடிப் பேர் அலறினார்கள். கைகள் பாய்ந்து வந்து ஏந்தி, உச்சியில் விட்டன. அவன் மறுபடி விழுந்தான். மறுபடி ஏந்தின. ஒவ்வொரு விழுகையின் அதிர்ச்சியும் கம்பி வழியாக அவனுடைய நிஜ முதுகெலும்பில் வந்து இறங்கியது. கட்டிலில் அவன் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது.

கலாமணி கட்டிலின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் புருஷனின் மூக்கைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள். மற்றொரு கை பொத்தானில் இருந்தது. "ஐயோ மாப்ள, ஐயோ மாப்ள" என்று அழுது அழுது அமுக்கினாள். அந்தச் சத்தம் காட்டுக்குள் இருந்த அவனுக்கு எங்கோ தொலைவில் கேட்டது.

ஓணானின் கண்கள் பக்கவாட்டில் இருப்பவை. விழுந்துகொண்டே அவனால் மின்னுவைப் பார்க்க முடிந்தது. அவள் ஒரு வேரின் மடியில் மூக்கால் குடைந்தாள். களைத்து நின்றாள். மறுபடி குடைந்தாள். உச்சிவேளைக்கு மேல் அவள் உடம்பு ஒருமுறை நீண்டு சுருங்கியது. அப்புறம் மண்ணைத் தள்ளி மூடி, மூக்கால் தட்டித் தட்டி அமுக்கினாள். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். வெயில் சாயும் வரை அவன் விழுந்துகொண்டே இருந்தான். அவள் ஏறி, பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்ட பிறகுதான் கம்பியைக் கழற்றினான். இரண்டு நாள் அவனால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. ஆனால் மனசு நிறைந்திருந்தது. கலாமணி கஞ்சி ஊட்டினாள்.

அந்த நிறைவு அவ்வளவுதான் நீடித்தது.

பார்வையாளர்கள் மின்னுவின் வயிறு ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மூக்கில் காய்ந்திருந்த மண்ணைக் கண்டுபிடித்தார்கள். பழைய காட்சிகளின் ஓரங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, வேரின் மடியையும் கண்டுபிடித்தார்கள். நகரம் கொதித்தது. பச்சைக் குழந்தைகளை மண்ணில் போட்டுவிட்டு நாம் பார்த்துக்கொண்டு இருப்பதா?

"நீங்களே போய் எடுத்துருங்க," என்றார் தயாளன். "கைகளும் தோண்டும். ஆனா மனுஷக் கை எடுத்தாத்தான் ஜனங்களுக்கு உருக்கமா இருக்கும்."

"எடுக்காதீங்க சார். அவ போட்ட எடத்துலயே கெடக்கட்டும். மண்ணோட சூட்டுல தானாப் பொரியும். யாரும் ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"ஒண்ணும் பண்ணாம இருக்கறதுக்கு இதுவரைக்கும் ஒரு ஓட்டுக்கூட விழுந்ததில்ல, நாச்சிமுத்து."

அவன் போகாவிட்டால் கைகள் தோண்டும். கைகள் தோண்டினால் மண்ணில் ஒரு முட்டைகூட மிஞ்சாது. அவன் தரையுடுப்பைப் போட்டுக்கொண்டு, கண்வில்லையைப் பொருத்திக்கொண்டு போனான். தரைப்பணியில் இருப்பவன் பார்ப்பதெல்லாம் அந்த வில்லை வழியாக எல்லாத் திரைகளிலும் ஓடும். அவன் பார்வை அவனுடையது மட்டும் இல்லை.

வேரின் முன்னால் மண்டியிட்டு விரலால் மண்ணை விலக்கினான். நுனிவிரலில் ஒன்று பட்டது. மிருதுவாக, தோல் போன்ற ஓட்டோடு, வெதுவெதுப்பாக. அந்தக் கணத்தில் அவன் ஒரு காரியம் செய்தான். ஒரு பிடி மண்ணை எடுத்துத் தன் கண்களிலேயே தேய்த்துக்கொண்டான்.

எட்டுக் கோடிப் பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கண்ணில் மண்! அதைவிடக் கோரமான காட்சியை மாடநகர் பார்த்ததில்லை; அதைத் திரும்ப ஓட்டிப் பார்க்கவும் பிறகு யாரும் துணியவில்லை. அவர்கள் மறுபடி திரையைப் பார்க்கத் துணிவதற்குள், எரியும் கண்களை மூடிக்கொண்டு, விரல்களால் மட்டுமே எண்ணினான். நான்கு. மூன்றை எடுத்தான். ஒன்றை அங்கேயே விட்டு மண்ணைத் தள்ளி, அவள் தட்டியது மாதிரியே தட்டினான்.

"மூணுதானா?" என்றார் தயாளன்.

"மூணுதானுங்க."

எடுக்கும்போதே ஒவ்வொரு முட்டையின் மேல்புறத்திலும் மண் விரலால் ஒரு புள்ளி வைத்திருந்தான். கண்ணாடிப் பேழையில் வைத்தபோது கெஞ்சிச் சொன்னான். கோழி முட்டை வேறு, இது வேறு. உள்ளே கரு ஓட்டின் மேல்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. புரட்டினால் அது தன் நீரிலேயே முங்கிச் செத்துவிடும். புள்ளி எப்போதும் மேலே இருக்க வேண்டும். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் முட்டையில் அழுக்கு ஒட்டியிருப்பதாக வருத்தப்பட்டு எழுதினார்கள். புள்ளி துடைக்கப்பட்டது. அப்புறம், கிழக்குக் கோபுரத்துக்காரர்களுக்கு முட்டையின் ஒரு பக்கமே தெரிகிறது, இது அநியாயம் என்று புகார் வந்தது. கோழிகூட முட்டையைப் புரட்டித்தானே அடைகாக்கிறது என்று ஒருவர் பழைய படம் ஒன்றைக் காட்டினார். ஓட்டெடுப்பு நடந்தது. அன்று முதல் எல்லாக் கோபுரத்துக்கும் எல்லாப் பக்கமும் தெரியும்படி முட்டைகள் மெல்ல மெல்லப் புரண்டுகொண்டே இருந்தன. பின்னணியில் தாலாட்டு ஒலித்தது.

மின்னு மரத்திலேயே செத்துப்போனாள். இறங்க இறங்கத் தூக்கியதில் போன உயிர்தான், கொஞ்சம் தாமதமாகப் போனது. பட்டையைப் பிடித்த நகம் விடாமல் பிடித்திருந்ததால், தூங்குகிறாள் என்று ரொம்ப நேரம் எல்லாரும் ரசித்துக்கொண்டிருந்தார்கள். எறும்புகள் அவள் கண்ணோரம் ஏறிய பிறகுதான் பொத்தான்கள் அமுங்கின. கைகள் வந்து எறும்புகளைத் துடைத்தன.

பொரிய வேண்டிய காலம் தாண்டியும் பேழை அசையவில்லை. திறந்து பார்த்தார்கள். அதை விவரிக்க வேண்டாம்.

இனம் அற்றுப்போனது என்று அறிவிப்பு வந்தது. நகரம் உண்மையாகவே அழுதது, அதில் பொய் இல்லை. நடுக்கோபுரத்து முற்றத்தில் சிலை வைத்தார்கள். இரண்டு மிருதுவான கைகள் ஓர் ஓணானை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்திருக்கும் சிலை.

கலாமணி சரியாகச் சாப்பிடவில்லை. துவாரத்தில் வந்த பொட்டலங்கள் பிரிக்காமல் கிடந்தன. ஒருநாள் அவன் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "நாம நல்லாத்தானுங்க பாத்துக்கிட்டோம்? எங்க தப்பாப் போச்சு?"

நான்காவது முட்டை அவன் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவள் முகம் மலரும். அவனுக்கு அந்த முகம் வேண்டும். ஆனால் அடுத்து அவள் என்ன கேட்பாள் என்பதும் அவனுக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை பாக்கறேனுங்க மாமா, தூரத்துல இருந்து. அவன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் மறைத்த ஒரே விஷயம் அதுதான். அது அவர்கள் இருவருக்கும் நடுவே படுத்துக்கொண்டது.

பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று ஆன இடத்தில் காமிராக்களுக்கு என்ன வேலை? கழற்றிக்கொண்டு போனார்கள். தாங்கிக் கைகளும் மடித்து எடுத்துச் செல்லப்பட்டன. மலையின் அந்தச் சரிவு, அழிந்தது என்று எழுதப்பட்ட பிறகு, எத்தனையோ வருஷங்களில் முதல்முறையாகத் தனியாக இருந்தது.

அடுத்து யாரை நேசிப்பது என்று ஓட்டெடுப்பு நடந்தது. இருவாச்சி ஜெயித்தது. பெரிய மஞ்சள் அலகு, அதன்மேல் கொம்பு, சிறகடித்தால் ரயில் போகிற மாதிரிச் சத்தம். திரைக்கு ஏற்ற பறவை. மலையில் ஒரே ஒரு ஜோடி மிஞ்சியிருந்தது. நாச்சிமுத்துவை அந்த மரத்துக்குக் காமிரா பொருத்த அனுப்பினார்கள்.

போகும் வழி பழைய சரிவின் ஊடாகப் போனது. அவன் கண்ணில் வில்லை இருந்தது. வேரின் மடி நெருங்க நெருங்க அவன் தலையை நிமிர்த்தி, மர உச்சிகளையே பார்த்துக்கொண்டு நடந்தான். கழுத்து வலித்தது. அந்த மரத்தைத் தாண்டும்போது, கண்ணின் ஓரத்தில், அடிமரத்தில் ஏறிக்கொண்டிருந்த எறும்பு வரிசை ஓரிடத்தில் அறுந்திருந்தது பட்டது. யாரோ நடுவில் கொஞ்சத்தை நக்கித் தின்ற மாதிரி. அவன் சட்டென்று கண்ணை வானத்துக்குத் திருப்பிக்கொண்டான். அந்த ஒன்று தனியாக என்ன செய்யும், எதோடு கூடும், எப்படி இனத்தை வளர்க்கும்? அவனுக்குத் தெரியவில்லை. அவனால் அதற்குச் செய்ய முடிந்தது பார்க்காமல் இருப்பது ஒன்றுதான். அதைச் செய்தான்.

இருவாச்சி மரத்தில் ஆண் பறவை அத்திப்பழம் கொண்டுவந்துகொண்டிருந்தது. நாச்சிமுத்து காமிராவைப் பொருத்திவிட்டு வீடு திரும்பினான்.

கலாமணி பல நாளைக்குப் பிறகு தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் உயிர் வந்திருந்தது. அவனைப் பார்த்ததும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"மாமா, இந்தக் கொடுமையப் பாத்தீங்களா? பொட்டப் பறவைய மரப்பொந்துக்குள்ள வெச்சு மண்ணப் பூசி அடைச்சுப்போட்டிருக்குதுங்க! ஒரு சின்ன ஓட்டை மட்டுந்தான் இருக்குது. அது வழியாத்தான் சோறு போகுது. றெக்கையிலிருந்து எறகெல்லாம் உதுந்து போச்சாம்."

"யாரும் அடைக்கல கலா. அவளேதான் உள்ளுக்குள்ள இருந்து பூசிக்கிட்டா. குஞ்சு பெரிசாகற வரைக்கும் அப்படித்தான் இருப்பா. ஒடச்சா குஞ்சு போயிரும்."

கலாமணி அவனை நம்ப முடியாமல் பார்த்தாள். அவன் வேலை அவனைக் கல்நெஞ்சுக்காரன் ஆக்கிவிட்டது என்று அவளுக்குக் கொஞ்ச நாளாகவே ஒரு வருத்தம்.

"போங்க மாமா. றெக்கை இருக்கற ஒரு உசுரு, தானாவே நாலு பக்கமும் அடைச்சுக்கிட்டு, ஓட்டை வழியா வர்றதத் தின்னுக்கிட்டுக் கெடக்குமுங்களா?"

சுவரில் துவாரத்தின் மூடி திறந்தது. மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலம் உள்ளே வந்து விழுந்தது. கலாமணி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு கையை நீட்டி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மற்றொரு கையால் பொத்தானை அமுக்கினாள்.